ஓகே பண்ண லீவ ஓகேவாவே விடுங்க சார்

மேனேஜ்மென்ட்ல இருக்கிற மதிப்புக்குரிய சார், மேடம் எல்லாருக்கும் வணக்கம்.

பேரு போடல, ஏன்னு உங்களுக்கே தெரியும். மார்த்தாண்டம் பக்கத்துக்காரன், உங்க ஏர்பஸ்ல வலது சீட்ல ஒக்காருற கோ-பைலட், அது போதும். போன மாசம் நடந்தத பத்தி மூணு மெயில் போட்டேன், மூணுக்கும் "நோட்டட்"னு ஒரே பதில். அதான் இந்த மடல்.

அப்பா இறந்து பதினாறாம் நாள் செய்யிற அடியந்திர சடங்குக்கு ரெண்டு நாள் லீவு கேட்டேன், ஓகே பண்ணீங்க, நன்றி. முந்தின நாள் ராத்திரி 9:40-க்கு ஆப்ல ஒரு சத்தம், பாத்தா லீவ தூக்கிட்டு காலைல 4 மணில இருந்து சென்னைல ஸ்டாண்ட்பைன்னு போட்டிருக்கு. போன் அடிச்சு கேட்டா "ஆள் இல்ல சார், அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க". கூப்பிட்டா ஒன்றரை மணி நேரத்துல ஏர்போர்ட்ல நிக்கணும், அதனால மூணு பட்டை வச்ச சட்டைய போட்டுக்கிட்டு பல்லாவரம் ரூம்ல கட்டில்ல ஒக்காந்திருந்தேன். என் போன்ல வீடியோ கால் போட்டா நீங்க கூப்பிடும்போது பிஸின்னு வந்துருமேன்னு ரூம்மேட் போன வாங்கி அதுல பாத்தேன். நான் ஒத்தை மகன். என் எடத்துல சித்தப்பா மகன் தர்ப்பை மோதிரம் போட்டு எள்ளும் தண்ணியும் விட்டான், அம்மா கேமராவ பாக்கவே இல்ல. மதியம் ஸ்டாண்ட்பை முடிஞ்சுது. நீங்க கூப்பிடவே இல்ல சார்.

எங்க பக்கத்து வீட்டு பையன் ஷார்ஜால டிரைவர். அவன் அப்பா போனப்போ சஞ்சயனத்துக்கு, அதான் அஸ்தி எடுக்குற சடங்குக்கு, வந்து நின்னான். நான் ஒன்றரை மணி நேர பிளைட் தூரத்துல இருந்தும் வர முடியல. "மக்களே, நீ கல்ஃபுக்கு போயிருந்தா பக்கமா இருந்திருப்பியே"ன்னு அம்மா சொன்னது இன்னும் காதுல கெடக்கு.

கல்ஃப்ல இருந்து வேலைக்கு ஆஃபர் வந்திருக்கு, மறைக்கல. சம்பளத்துல டேக்ஸ் கிடையாது, வீடும் அவங்களே தராங்க, திருவனந்தபுரத்துல இருந்து நேரா பிளைட் இருக்கு. அங்க மட்டும் தேன் ஒழுகுதுன்னு சொல்லல, அங்கயும் ரோஸ்டர்தான், லைசென்ஸ மாத்த திரும்ப பரீட்சை எழுதணும், இங்க சேத்த சீனியாரிட்டி எல்லாம் போயி லிஸ்ட்ல கடைசி ஆளா நிக்கணும், கேப்டனுக்கான நாலாவது பட்டை எப்போ வரும்னு கடவுளுக்குத்தான் தெரியும். வீட்டுக்கு ஒரு ஆள் கல்ஃப்ல இருக்க ஊரு சார் எங்க ஊரு, மகனும் அப்படி போயிரக் கூடாதுன்னுதான் அப்பா அரை ஏக்கர் ரப்பர வித்து பைலட் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறக்க காசு கட்டுனாரு. அதனாலதான் இன்னும் கையெழுத்து போடாம இருக்கேன்.

நான் கேக்குறது சம்பள உயர்வு இல்ல. ஓகே பண்ண லீவ ஓகேவாவே விடுங்க, அவ்ளோதான்.

விமானத் துறைய கண்காணிக்கிற டிஜிசிஏ 2017-ல கொண்டுவந்த ரூல்படி கோ-பைலட் வேலைய விடணும்னா 6 மாசம், கேப்டன்னா 1 வருஷம் முன்னாடியே எழுதிக் கொடுக்கணும். என் லீவ தூக்க உங்களுக்கு ஒரு ராத்திரி போதும். வார ரெஸ்ட்ட 36 மணி நேரத்துல இருந்து 48 ஆக்குனதுக்கும் நைட் லேண்டிங்க 6-ல இருந்து 2 ஆ குறைச்சதுக்கும் கம்பெனிகாரங்க எல்லாம் சொத்தே போன மாதிரி அழுதீங்க, ஆள் பத்தல பத்தலன்னு சொல்லிட்டே, இருக்கிற ஆளயும் வெரட்டுனா எப்படி பத்தும்? புது பிளைட் ஆர்டர் பண்ணும்போது மட்டும் கேக் வெட்டி போட்டோ எடுக்க ஆள் பத்துது.

மன்னிக்கணும், வேற எங்கயோ போயிட்டேன். மரியாதையாவே கேக்குறேன்.

அப்பாவோட ஆண்டு திதிக்கு ரெண்டு நாள் லீவு இப்பவே அப்ளை பண்ணிட்டேன். ஆப்ல பச்சை கலர்ல "அப்ரூவ்ட்"னு காட்டுது. தயவு செஞ்சு அத பச்சையாவே விடுங்க சார். ஆஃபருக்கு மாசக் கடைசிக்குள்ள நான் பதில் சொல்லணும்.

இப்படிக்கு,
வலது சீட்டுக்காரன்