தங்கவயல் லைன் மாரியம்மன் கோயில்: திருப்பணி நிறைவு அறிக்கை

அன்புள்ள உறுப்பினர்களுக்கு, திருப்பணிக் குழுவின் வணக்கம்.

சென்ற தை மாதம் நம் கோயில் குடமுழுக்கு நல்லபடியாக நடந்தது. 48 நாள் மண்டலாபிஷேகமும் நிறைவடைந்தது. பெங்களூரிலும் ஓசூரிலும் சென்னையிலும் இருந்துகொண்டு வர முடியாமல் போனவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறோம். வரவு செலவு முழுவதும் ரசீதுகளோடு கோயில் பலகையில் ஒட்டியிருக்கிறது. கணக்கு நோட்டு பொருளாளர் வீட்டில் இருக்கிறது; யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.

முதல் பொதுக்கூட்டத்தில் வந்த கேள்வி உங்களுக்கு நினைவிருக்கும். 2001 பிப்ரவரி 28 அன்று கோலார் தங்கச் சுரங்கத்தை மூடினார்கள். அன்றிலிருந்து சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான நம் லைனில் வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாகி வருகின்றன. நிலம் நம் பேரில் இல்லை, சுரங்கக் கம்பெனி நிலம். நாளைக்கு எப்படியோ என்று இருக்கிற இடத்தில் எதற்குப் பணம் போட வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதனால் புதுக் கோபுரம், கல் மண்டபம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, இருப்பதைப் பழுது பார்த்துக் கெட்டிப்படுத்தினால் போதும் என்று முடிவு செய்தோம். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்து, மூங்கில் தட்டி வீடுகளில் குடியிருந்துகொண்டு இந்தக் கோயிலை எழுப்பியவர்களுக்கும் இங்கே ஒரு அடி மண் சொந்தமில்லை. ஆனாலும் எழுப்பினார்கள்.

பங்குனியில் பாலாலயம் செய்து, வேலை முடியும்வரை அம்மனைத் தற்காலிக இடத்தில் வைத்தோம். கருவறைக் கூரை முழுவதையும் இடித்துத்தான் ஆக வேண்டும் என்று மேஸ்திரி சொன்னார். அப்போது, சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மரமுட்டுக் கொடுக்கும் டிம்பர்மேனாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் கடப்பாரை ஒன்றை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அடியில் நின்றபடி கூரையை ஒவ்வொரு சாணாகத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். "கணீர்னு சொன்னா பிடிப்பு இருக்கு தம்பி. தொம்முனு சொன்னா உள்ள விட்டுப்போச்சு. பூமிக்குள்ள நாங்க இப்படித்தான் மேல்பாறையைப் பார்ப்போம்" என்றார். 3 கிலோமீட்டருக்கும் ஆழமாகப் போன சுரங்கத்தில் உயிரைக் காப்பாற்றிய காது அது. தொம் என்று சொன்ன இடங்களில் சாக்பீஸால் வட்டம் போட்டுக் கொடுத்தார். வடக்கு மூலையும் வாசலுக்கு மேலேயும் மட்டும்தான். அந்த வட்டங்களை மட்டும் பிரித்தோம். கோயிலுக்கு எவ்வளவோ செலவு மிச்சமானது.

வாசலுக்கு மேலே பிரித்தபோதுதான் உத்தரமாகக் கிடந்த இரண்டு டிராலி தண்டவாளங்கள் தெரிந்தன. மேலே செதில் செதிலாகத் துரு. சுரண்டிப் பார்த்தால் உள்ளே இரும்பு உறுதியாக இருந்தது. இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டுப் புதுக்கம்பி வைத்துக் கான்கிரீட் போடலாம் என்று யோசனை வந்தது. குழு ஒப்புக்கொள்ளவில்லை. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ரெட் ஆக்சைடு இரண்டு கோட் அடித்து, இருந்த இடத்திலேயே மறுபடி ஏற்றினோம். நம் தாத்தாக்கள் தங்கப்பாறை ஏற்றித் தள்ளிய தண்டவாளம் அது. இனி நிலைப்படியைத் தாண்டும்போது நிமிர்ந்து பாருங்கள், தெரிகிற மாதிரி பூசாமல் விட்டிருக்கிறோம்.

அப்புறம் ஒரு சோதனை வந்தது. கூரை திறந்து கிடக்கும்போதே ஒப்பந்தக்காரர் முன்பணத்தோடு போனவர் திரும்பவில்லை. வேறு ஆள் பிடிப்பதற்குள் ஆடிக் காற்று தொடங்கிவிட்டது. சைனைட் மேட்டுத் தூசி எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தார்ப்பாயை மீறி கருவறைக்குள் இறங்கி, விரலால் எழுதலாம் போல் படிந்தது. முகப்பவுடர் மாதிரி அவ்வளவு நைஸ். அந்த மண்ணையே சலித்துப் பூச்சுக்குப் போட்டால் மணல் செலவு மிச்சம் என்று ஒருவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். பாறையைப் பொடியாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்துவிட்டுக் கொட்டிய கழிவு அது. குழந்தைகள் முதுகு சாய்த்து உட்காரும் சுவருக்கு அது வேண்டாம் என்று மணல் விலைக்கு வாங்கினோம்.

மீதி வேலை பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தது. மற்ற நாளெல்லாம் நம் பிள்ளைகள் விடியற்காலை மாரிக்குப்பத்தில் ரயில் ஏறினால் ராத்திரிதான் வீடு திரும்புகிறார்கள். அவர்கள் வரும் வழியில் கோயில் முனை இருட்டாகக் கிடந்தது. 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து சுரங்கத்துக்கு மின்சாரம் வந்த ஊர் இது! இப்போது முனையில் இரண்டு விளக்கு போட்டிருக்கிறோம்.

சிலையைப் பீடத்தோடு ஒட்டவைக்கும் அஷ்டபந்தன மருந்தை இடித்த நாளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கொம்பரக்கு, குங்கிலியம், சுக்கான் தூள், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் எல்லாம் சேர்த்து, கையில் ஒட்டாமல் மெழுகு போல் இளகும்வரை இடிக்க வேண்டும். இளைஞர்கள் சீக்கிரமே களைத்துப்போனார்கள். சுரங்கத்தில் பாறை துளைத்த பழைய டிரில்லர்கள் உலக்கையை வாங்கிக்கொண்டார்கள். அடி தப்பவில்லை, ஆனால் பத்து அடிக்கு ஒருமுறை மூச்சு இரைத்தது. பாறைத் தூசி குடித்த நுரையீரல். இடித்துவிட்டு உட்கார இடமில்லாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். திட்டத்தில் இல்லாத திண்ணை அன்று சாயங்காலமே முடிவானது. கோயிலின் கிழக்குச் சுவர் நெடுகக் கட்டியிருக்கிறோம். பிடித்து எழ இரும்புக் குழாயும் வைத்திருக்கிறோம். இந்தத் திருப்பணியில் எங்களுக்கு மிகவும் நிறைவு தந்த வேலை அதுதான்.

குடமுழுக்குக்குப் பேத்தமங்கலம் ஏரியிலிருந்து குடங்களில் நீர் எடுத்து வந்தோம். கம்பெனி காலத்திலிருந்து ஊர் குடித்த தண்ணீர் அது. அன்னதானத்துக்குப் பக்கத்து லைன்காரர்களும், சர்ச் தெருக்காரர்களும் அரிசியும் பாத்திரமும் கொடுத்து உதவினார்கள். அவர்களுக்கு நம் நன்றி.

பின்சுவர் வெள்ளையடிப்பு பாக்கி இருக்கிறது, சித்திரைக்குள் முடித்துவிடுவோம். கையிருப்பில் உள்ள பணத்தை வேறு எதற்கும் தொடாமல், கூரை பராமரிப்புக்கு ஒதுக்கியிருக்கிறோம். ஆடிக் காற்று அடங்கியதும் வரும் முதல் ஞாயிறு, வருஷா வருஷம் மேலே ஏறித் தூசி தள்ள வேண்டும். ஏணியும் துடைப்பமும் கோயிலில் இருக்கின்றன. வருகிறவர்கள் மூக்கில் கட்டிக்கொள்ள ஒரு துணி மட்டும் எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு