ஒரு ராத்திரிக்கு எத்தனை ஆம்பியர்?

அன்புள்ள கண்ணுக்கு,

இங்கே அப்பாவும் நானும் நலம். ஜவ்வாது மலைக்கு டெலஸ்கோப்போடு கொண்டுபோக எந்த பேட்டரி வாங்கலாம் என்று கேட்டு நீ அனுப்பிய மூன்று படங்களையும் பார்த்தேன். போனில் சொன்னால் பாதிதான் உன் காதில் விழும், அதனால் எழுதியே அனுப்புகிறேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பேட்டரி ரூம் என் பொறுப்பில் இருந்த காலத்தில் என் காட்டன் புடவைகளில் எல்லாம் பொட்டுப் பொட்டாக ஆசிட் ஓட்டை இருக்கும், ஞாபகம் இருக்கிறதா? 2 வோல்ட் செல் இருபத்து நான்கை வரிசையாகக் கோத்து 48 வோல்ட். ஊரே இருண்டு கிடந்தாலும் போன் மட்டும் அடித்தது அந்த வரிசையால்தான். அந்த உரிமையில் சொல்கிறேன், மூன்றில் எதையும் இப்போதைக்கு வாங்காதே.

நீ பெட்டியைப் பார்த்துவிட்டு, உன் சாமான்களுக்கு அது போதுமா என்று கேட்கிறாய். சாமான் எவ்வளவு இழுக்கும் என்று தெரிந்த பிறகுதான் கடைப் பக்கமே போக வேண்டும். நீ சொன்னதை வைத்துத் தோராயமாகப் போட்டுப் பார்த்தேன். எல்லாமே 12 வோல்ட். டெலஸ்கோப்பைத் தாங்கிக்கொண்டு நட்சத்திரத்தின் பின்னாலேயே மெதுவாகத் திரும்பிக்கொண்டிருக்கும் அந்த மவுண்ட் சாதாரணமாக முக்கால் ஆம்பியர் எடுக்கும். ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் வேகமாகத் திரும்பும்போது இரண்டு மூன்று ஆம்பியர் போகும், ஆனால் அது சில நொடிதான். கூலிங் வைத்த கேமராவுக்குச் சராசரியாக 2. லென்ஸைச் சுற்றிக் கட்டும் ஹீட்டர் பட்டை இரண்டும் சேர்ந்து ஒன்றேகால். அந்தக் குட்டிக் கம்ப்யூட்டருக்கு முக்கால். கூட்டினால் கிட்டத்தட்ட 5 ஆம்பியர். ராத்திரி எட்டு மணிக்கு ஆரம்பித்து நாலு மணிக்கு மூட்டை கட்டுகிறாய் என்றால் 8 மணி நேரம், 40 ஆம்பியர் ஹவர், அதாவது ஏ.ஹெச். 12 வோல்ட்டால் பெருக்கினால் 480 வாட் ஹவர். இந்த 480-ஐக் காகிதத்தில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள். கடைக்காரர் என்ன சொன்னாலும் இதோடு ஒப்பிட்டுப் பார்.

ஹீட்டர் பட்டையை நிறுத்திவிட்டு மிச்சம் பிடிக்கலாம் என்று மட்டும் நினைக்காதே. தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். உனக்கு வானம் தெளிவாகக் கிடைப்பதும் அதே மாதங்களில்தான். லென்ஸில் பனி இறங்கிவிட்டால் அன்றைய படம் அவ்வளவுதான்.

சரி, உன் மூன்று படங்களுக்கு வருகிறேன்.

முதலாவது அந்த 60,000 எம்.ஏ.ஹெச். பவர் பேங்க். எண்ணைப் பார்த்து மயங்கியிருக்கிறாய். அந்த எண் உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட்டுக்குப் போட்ட கணக்கு. ஆயிரம் எம்.ஏ.ஹெச். ஒரு ஏ.ஹெச்., ஆக 60 ஏ.ஹெச்.-ஐ 3.7-ஆல் பெருக்கு, 222 வாட் ஹவர் வரும். 12 வோல்ட்டுக்கு ஏற்றித் தரும்போது அதிலும் கொஞ்சம் சூடாகப் போய்விடும். உன் சாமானுக்கு நாலு மணி நேரம் தாங்கினால் அதிகம். அதுவும் எழுதியிருக்கிற எண் உண்மையாக இருந்தால்! டார்ச்சில் போடும் விரல் பருமன் லித்தியம் செல்லில், 18650 என்பார்களே, அதில் நல்ல தயாரிப்பே 3,500 எம்.ஏ.ஹெச். அளவில்தான் நிற்கிறது. 9,900 என்று அச்சடித்துக் கூசாமல் விற்கிறார்கள். இன்னொரு சங்கதி. டைப் சி வழியாக 12 வோல்ட் எடுக்கலாம் என்று எழுதியிருந்தாய். 5, 9, 15, 20 வோல்ட் பல பவர் பேங்கில் இருக்கும், 12 இருந்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இல்லாத பெட்டியில் 12 வோல்ட் எடுக்கும் கேபிளைச் செருகினால் 9 வோல்ட்டோ 5 வோல்ட்டோதான் வரும், மவுண்ட் அசையாது.

இரண்டாவது, 230 வோல்ட் பிளக் வைத்த பெரிய பெட்டி. கெட்ட சாமான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீ அதில் உன் அடாப்டர்களைச் செருகப் போவதாகச் சொல்கிறாய். பேட்டரியின் டிசியை ஏசியாக்கி, அடாப்டர் அதைத் திரும்ப டிசியாக்கி, இரண்டு இடத்திலும் கரண்ட் வீணாகும். உள்ளே இருக்கும் இன்வெர்ட்டர் சும்மா ஓடுவதற்கே பத்து வாட் போலத் தின்னும், எட்டு மணி நேரத்துக்கு 80 வாட் ஹவர் அதற்கே தண்டம். வாங்கினால் அதன் 12 வோல்ட் சாக்கெட்டை மட்டும் பயன்படுத்து. அது எத்தனை ஆம்பியர் தாங்கும், பேட்டரி இறங்க இறங்க வோல்ட்டும் இறங்குமா, நிலையாக நிற்குமா என்று கேள். அப்புறம் முன்னால் இருக்கும் அந்த டிஸ்ப்ளே வெளிச்சத்துக்குக் கறுப்பு டேப் ஒட்ட வேண்டியிருக்கும். இருட்டுக்காக அத்தனை தூரம் போய்விட்டுக் கண்ணைக் கூச வைத்துக்கொள்ளாதே. காவலூரில் 2.34 மீட்டர் டெலஸ்கோப்பை வைத்ததும் அந்த மலையின் இருட்டை நம்பித்தானே.

மூன்றாவது நம் வீட்டு இன்வெர்ட்டர் மாதிரி ஈய பேட்டரி. எனக்குப் பழகின ஜாதி, மனசு அங்கேதான் போகும். ஆனாலும் வேண்டாம். ஈய பேட்டரியை அடிக்கடி பாதிக்குக் கீழே இறக்கினால் சீக்கிரம் செத்துப்போகும். 40 ஏ.ஹெச். வேண்டும் என்றால் 80, 100 ஏ.ஹெச். வாங்க வேண்டும், அது 25 கிலோவுக்கு மேல். காரிலிருந்து நீ ஒருத்தி தூக்கி இறக்க முடியுமா? கார் பேட்டரியிலிருந்தே எடுக்கிற யோசனையையும் விட்டுவிடு. அது இன்ஜினைக் கிளப்ப நொடி நேரம் வேகமாகத் தருவதற்கென்று செய்தது. விடியற்காலையில் மலையில் கார் கிளம்பாமல் நின்றால் அப்பா இங்கிருந்து வர முடியாது.

நான் வாங்கச் சொல்வது லித்தியம் அயர்ன் பாஸ்பேட், 12.8 வோல்ட், 50 ஏ.ஹெச். 640 வாட் ஹவர், உன் 480 போக மிச்சம் இருக்கிறது. ஐந்தாறு கிலோதான். ஒரே அளவு என்று சொல்லி மூன்று கிலோவில் ஒன்றைக் கொடுத்தால் உள்ளே செல் குறைவு. கடையில் தராசு இருந்தால் வெட்கப்படாமல் நிறுத்துப் பார். ‘12 வோல்ட் லித்தியம்’ என்று மட்டும் எழுதியிருந்தால் எந்த லித்தியம் என்று கேள். சாதாரண லித்தியம் அயான் செல் மூன்றைக் கோத்தால் நிறைந்தபோது 12.6 இருக்கும், கடைசியில் 9 வரைக்கும் சரியும். 11-க்குக் கீழே போனாலே மவுண்ட் கோளாறு பண்ணத் தொடங்கும். அயர்ன் பாஸ்பேட்டில் நாலு செல், ராத்திரி முழுக்க 13-ஐ ஒட்டியே நிற்கும், கடைசியில் சட்டென்று விழும். அதனால் வோல்ட்டைப் பார்த்து மிச்சத்தைக் கணிக்க முடியாது, ஏ.ஹெச். எண்ணிக்காட்டும் மீட்டர் ஒன்றையும் சேர்த்து வாங்கு. உள்ளே செல்களைக் காக்கும் பி.எம்.எஸ். போர்டு இருக்க வேண்டும். சார்ஜர் 14.6 வோல்ட், இதற்கென்றே உள்ளது. வீட்டு இன்வெர்ட்டரில் மாட்டி ஏற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் தலையாட்டாதே.

வயர் விஷயத்தில்தான் பிள்ளைகள் எல்லோரும் கஞ்சத்தனம் பண்ணுகிறீர்கள். பேட்டரியை 3 மீட்டர் தள்ளி வைக்கிறாய் என்று வை. போக வர 6 மீட்டர். மெலிந்த அரை சதுர மில்லி மீட்டர் வயரில் 5 ஆம்பியர் போனால் வழியிலேயே ஒரு வோல்ட்டுக்கு மேல் தொலைந்துவிடும். ஒன்றரை சதுர மில்லி மீட்டர் போட்டால் தொலைவது சுமார் 0.36 வோல்ட். விலை வித்தியாசம் ஒரு வேளை டிபன் காசு வருமா? பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 10 ஆம்பியர் ஃபியூஸ் போடு. கார் சிகரெட் லைட்டர் பிளக்கை நம்பாதே, இருட்டில் கால் பட்டால் ஆடிப்போய் மவுண்ட் திசை மறந்துவிடும்.

மழை மாதங்களில் சும்மா வைக்கும்போது பாதி சார்ஜில் வை. ஈய பேட்டரியை நிறைத்து வைக்க வேண்டும், இதை அப்படி வைக்கக் கூடாது. எனக்கே கை பழக நாளானது. வெயிலில் நிற்கும் காருக்குள் விடாதே.

லடாக்கில் ஹான்லேக்குப் போகும் திட்டம் பற்றியும் எழுதியிருந்தாய். இந்த பேட்டரி விமானத்தில் ஏறாது. 100 வாட் ஹவர் வரை கையோடு கொண்டு போகலாம், 160 வரை விமானக் கம்பெனி அனுமதி தர வேண்டும், அதற்கு மேல் கிடையாது. பவர் பேங்க்கை லக்கேஜில் போடவே கூடாது. அங்கே போய்த்தான் பேட்டரிக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே லித்தியத்தைப் பயன்படுத்தலாம், சார்ஜ் ஏற்றக் கூடாது. உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து செல் கெட்டுவிடும். அறைக்குள் கொண்டுவந்து, குளிர் விட்ட பிறகு ஏற்று.

நான் போட்டது தோராயக் கணக்குதான். என் பழைய மல்டிமீட்டரைக் கூரியரில் அனுப்பியிருக்கிறேன். சிவப்பு வயரை 10 ஆம்பியர் ஓட்டையில் செருகி, பிளஸ் லைனை வெட்டி நடுவில் மாட்டி, ஒவ்வொரு சாமானாக ஓட விட்டுப் பார். சில நொடி போதும், நீட்டிக்காதே. முடிந்ததும் சிவப்பு வயரை மறக்காமல் வோல்ட் ஓட்டைக்கு மாற்றிவிடு. மாற்றாமல் அடுத்த முறை பேட்டரியில் வைத்தாயானால் நேராக ஷார்ட்தான். எண்களை எழுதி அனுப்பு, 50 போதுமா, 60-க்குப் போகலாமா என்று அப்புறம் முடிவு செய்யலாம்.

அன்புடன்,
அம்மா