பேறுகாலப் பணம் வரும். ஒன்றாம் தேதி வராது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பேறுகால விடுப்பு 26 வாரம், முழுச் சம்பளம் என்கிறோம். தொகையில் குறையில்லை. ஆனால் கணவரை இழந்தோ பிரிந்தோ, ஒற்றைச் சம்பளத்தில் வீடு நடத்தும் பெண்ணுக்கு இடிப்பது தேதிதான். சேலத்தில் நூற்பாலைகளிலும் ஜவுளிக் கடைகளிலும் மாதம் ரூ.21,000-க்குள் சம்பளம் வாங்கும் பெண்களில் பெரும்பாலோர் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுத் திட்டத்துக்குள் வருகிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தக் கடிதம்.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். சம்பளம் ரூ.15,000, அது கைக்கு வருவது அடுத்த மாதம் 7-ஆம் தேதி. ஜூன் 10-இல் விடுப்பு தொடங்கினால் 182 நாள் டிசம்பர் 8-இல் முடிகிறது. நாளுக்கு ரூ.500 வீதம் இ.எஸ்.ஐ. தருவது ரூ.91,000. ஜூனில் வேலை பார்த்த 9 நாள் கூலி ஜூலை 7-இல் வரும். 9-ஆம் தேதி திரும்பினால் டிசம்பரின் 23 நாள் கூலி ஜனவரி 7-இல். ஆக, ஜூன் 7-இல் வாங்கிய முழுச் சம்பளத்துக்கு அடுத்த முழுச் சம்பளம் பிப்ரவரி 7-இல்தான். விடுப்பு ஆறு மாதம். இடைவெளி எட்டு மாதம்! நடுவில் வரும் இ.எஸ்.ஐ. பணம் சம்பளத் தேதி பார்த்து வராது. மனு போட்டு, சான்று கொடுத்து, அது ஏற்கப்பட்ட பிறகே கணக்கில் ஏறும்.

ஆனால் வீட்டுக் கடனோ வண்டிக் கடனோ 5-ஆம் தேதி தானாகப் பிடித்துக்கொள்ளும். கணக்கில் பணமில்லாமல் தவணை திரும்பினால் வங்கி ஒரு அபராதம் போடும், கடன் கொடுத்தவர் இன்னொன்று போடுவார். அதே மாதம் மறுபடி முயன்று திரும்பினால் மறுபடியும் அபராதம். விடுப்புக்கு இரண்டு மாதம் முன்பே கடன் கொடுத்த இடத்துக்குப் போய்த் தேதியை மாற்ற முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள். முடியாது என்றால் மூன்று தவணைக்கான பணத்தை அந்தக் கணக்கிலேயே போட்டுவிட்டு, அதன் ஏ.டி.எம். அட்டையைத் தொடாமல் வையுங்கள். இந்த நேரத்தில் புதுச் சீட்டில் சேர வேண்டாம்.

பணம் நிற்பதற்குப் பெரும்பாலும் சின்னக் காரணமே இருக்கும். ஆதாரில் ‘செல்வி’, பாஸ்புக்கில் ‘செல்வி மு.’ என்றிருக்கும். அல்லது 2020-இல் வங்கிகள் இணைந்த பிறகு மாறிய ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு இ.எஸ்.ஐ. பதிவில் மாறாமல் கிடக்கும். பாஸ்புக்கின் முதல் பக்கத்தையும் இ.எஸ்.ஐ. பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒத்துப்பாருங்கள். பிரசவத்துக்குப் பிறகு பச்சிளம் குழந்தையோடு இதற்காக அலைவது கொடுமை.

தகுதியையும் முன்பே பார்க்க வேண்டும். முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் (ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச்) 70 நாளுக்குப் பணம் கட்டியிருக்க வேண்டும். ஆகஸ்டில் பிரசவம் என்றால் கணக்கில் வருவது முந்தைய ஆண்டு ஏப்ரலிலிருந்து இந்த ஆண்டு மார்ச் வரை. கர்ப்பமான பிறகு வேலை மாறி, புது இடத்தில் இ.எஸ்.ஐ. எண்ணையும் புதிதாகத் தொடங்கிவிட்டால் பழைய நாட்கள் சேராமல் போகும். பழைய எண்ணையே கொடுங்கள். முதன்முதலாக இ.எஸ்.ஐ.யில் சேர்ந்தவர்களுக்கு ஒன்பது மாதம் கழித்தே பலன் தொடங்கும்.

பிரசவத்துக்கு முன் எட்டு வாரம் வரை எடுக்கலாம். எடுத்தே தீர வேண்டும் என்பதில்லை. முன்னே எட்டு போனால் பின்னே 18 வாரம்தான். நாலு மாதக் குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குப் போக வேண்டிவரும். உடம்பு ஒத்துழைத்து மருத்துவரும் சரி என்றால் முன்னே மூன்று வாரம் போதும். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாதவருக்கு இந்த ஐந்து வாரம் பெரிய பணம். காப்பகக் கட்டணம் அவ்வளவு தள்ளிப்போகிறது. கர்ப்பத்தால் உடல்நலக் கோளாறு என்று மருத்துவர் சான்று தந்தால் இ.எஸ்.ஐ.யில் மேலும் ஒரு மாதம் வரை கிடைக்கும். 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் காப்பக வசதி சட்டப்படி இருக்க வேண்டும். கேட்காத இடத்தில் அது இருப்பதில்லை.

ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் கதை வேறு. இ.எஸ்.ஐ. இல்லாத இடத்தில் பேறுகாலக் கூலியைத் தோட்ட நிர்வாகமே தர வேண்டும். 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். விடுப்புக்கு முந்தைய மூன்று மாதச் சராசரிதான் நாள்கூலி என்பதால், அந்த மாதங்களின் சம்பளச் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். பிரசவத்துக்கு முந்தைய பகுதியை முன்பணமாகவும், மீதியைப் பிறப்புச் சான்று காட்டிய 48 மணி நேரத்துக்குள்ளும் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். ‘மொத்தமாக அப்புறம் பார்க்கலாம்’ என்று சொல்ல நிர்வாகத்துக்கு உரிமையில்லை.

தகுதியுள்ளவர்கள் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியையும் விடக் கூடாது. மொத்தம் ரூ.18,000, அதில் ரொக்கம் ரூ.14,000, மீதி ஊட்டச்சத்துப் பெட்டகம். இதுவும் தவணையாகவே வரும் என்பதால், இதை நம்பி வாடகைக்குத் தேதி சொல்லாதீர்கள்.

பிரிந்து வாழ்பவர்கள் குழந்தைக்கான ஜீவனாம்ச மனுவை விடுப்பு முடியட்டும் என்று தள்ளிப்போடுகிறார்கள். தாங்கள் வசிக்கும் ஊரிலேயே மனு போடலாம். இடைக்கால ஜீவனாம்சமும் கேட்கலாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார்.

கடைசியாக, பி.எஃப். வாரிசு நியமனம். பழைய நியமனத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். குழந்தையின் பெயரைச் சேர்த்து, காப்பாளராக நீங்கள் நம்பும் ஒருவரைப் போடுங்கள். பணியில் இருக்கும்போது இறந்தால் வரும் காப்பீடு ரூ.7 லட்சம் வரை உண்டு. இந்த வேலையைக் கைபேசியிலேயே முடித்துவிடலாம். குழந்தை தூங்கும் நேரம் போதும்.

இப்படிக்கு,
சம்பளக் கணக்கர் ஒருவர்,
செவ்வாய்பேட்டை, சேலம்.