ஏரிக்கரைக்குச் சுவர் வேண்டாம்

காட்டுமன்னார்கோவில்

அன்புள்ள சண்முகத்திற்கு,

உனக்குப் பேத்தி பிறந்த செய்தியைப் படித்து வீட்டில் அனைவரும் மகிழ்ந்தோம். உங்கள் ஊர் ஏரிக்கரை அரிப்பைத் தடுக்கக் கான்கிரீட் சுவர் எழுப்பப் பேச்சு நடப்பதாக எழுதியிருந்தாய். தயவுசெய்து அதற்கு அவசரப்பட்டுச் சம்மதிக்காதே.

பணியில் இருந்த காலத்தில் நானே ஓர் ஏரியில் செங்குத்துச் சுவர் கட்டினேன். சரிவான கரையில் ஏறும் அலை தன் வலுவை இழந்துவிடும். செங்குத்துச் சுவரில் மோதும் அலையோ திரும்பிப் பாய்ந்து அடிமண்ணைப் பறித்துவிடும். மூன்றாம் ஆண்டு நீர் வற்றியபோது சுவரின் அடியில் கையை விட்டுப் பார்த்தேன். முழங்கை வரை உள்ளே போயிற்று. கரையோரக் கோரை அழிந்ததால் மீன்கள் முட்டையிட இடமில்லை. மேலேற வழி தெரியாத ஓர் ஆமை சுவரோரமாகவே நீந்திக்கொண்டிருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

எங்கள் ஊர் அருகே, சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து வீராணம் ஏரி வடக்குத் தெற்காக நீள்கிறது. ஆடிக்காற்று மேற்கிலிருந்து நீர்ப்பரப்பைக் கடந்து வருவதால், கிழக்குக் கரைதான் அலையைத் தாங்குகிறது. காற்று கடந்துவரும் நீரின் அகலம் கூடக்கூட அலையும் உயரும் என்பதால், உங்கள் ஏரியிலும் கரை முழுவதற்கும் ஒரே பாதுகாப்பு தேவைப்படாது.

அலை நேராக மோதும் பகுதியில் மட்டும், ஓரடி உயரத்துக்குக் கிடையாக இரண்டடி அல்லது மூன்றடி என்ற சரிவில் கல் பதியுங்கள். கல்லுக்கு அடியில் மணலும் அதன்மேல் சரளையும் பரப்பாவிட்டால், அலை பின்வாங்கும் ஒவ்வொரு முறையும் கல் இடுக்கு வழியே மண் நழுவிப்போகும். இடுக்குகளைச் சிமெண்டால் பூசுவதும் கூடாது. ஏரி நீர் சட்டென இறங்கும்போது கரைக்குள் தங்கிய நீர் வெளியேற வழியின்றிக் கற்களைத் தள்ளிவிடும். சரிவின் அடியில் பள்ளம் தோண்டிப் பெரிய கற்களைப் புதைப்பது மிக முக்கியம், ஏனெனில் அரிப்பு அங்கிருந்துதான் தொடங்கும்.

அலை தணிந்த பகுதிகளுக்குத் தென்னைநார் வலையும், வெட்டிவேரும், ஆழமற்ற நீரில் கோரையும் நாணலுமே போதும். நார்வலை மட்கும் முன் வேர்கள் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். விரைவாக வளர்கிறதே என்று நெய்வேலிக் காட்டாமணக்கை நட்டுவிடாதீர்கள். அது ஏரிக்குள்ளேயே பரவிவிடும். கரைச் சரிவில் பெரிய மரங்களும் வேண்டாம், மடிந்த வேரின் தடம் நீர் கசியும் வழியாகிவிடும்.

ஏரியின் வரைபடத்தில் காற்று வரும் திசையையும், மதகையும், முழுக் கொள்ளளவில் நீர் நிற்கும் கோட்டையும் குறித்து அனுப்பு. சித்திரையில் நீர் இறங்கியதும் நான் வருகிறேன். இருவரும் கரையோரம் நடந்து பார்த்துவிடுவோம்.

அன்புடன்,
இராமலிங்கம்