பானையைத் திருப்பி வைக்க விடுங்கள்: எங்கள் நகர நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நகர நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். அரசு மருத்துவமனை எதிரே உள்ள பஸ் நிறுத்தத்தில் போன வாரம் நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆக்கிரமிப்பு அகற்ற வந்தவர்கள் கீற்றுப் பந்தலைப் பிரித்தார்கள், மரப் பெஞ்சை டிப்பரில் ஏற்றினார்கள், தண்ணீர்ப் பானைகளையும் அதிலேயே தூக்கிப் போட்டார்கள். மானாமதுரைப் பானைகள். விழுந்ததும் உடைந்தன. பந்தலையும் பெஞ்சையும் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம். பானையைத் திருப்பி வைக்க விடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

அதை வைத்தது எந்தச் சங்கமும் இல்லை. ஆட்டோ ஸ்டாண்ட் தம்பிகளும், பூக்கட்டும் அக்கா ஒருவரும்தான். அடியில் ஆற்று மணல், சுற்றி ஈரச் சாக்கு, வாயில் வெள்ளைத் துணி, உள்ளே ஒரு பிடி வெட்டிவேர். தினமும் காலையில் பானையைக் கவிழ்த்து, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் அந்த அக்கா பூக்கூடையையே பிரிப்பார். குடிக்க வருபவர் யார், எந்த ஊர் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

பானை போன மறுநாள் உச்சி வெயிலில், புதுவயல் பக்கமிருந்து ஓர் ஆத்தா வந்தார். பிரசவ வார்டில் இருக்கும் மகளைப் பார்க்க, மகளிருக்குக் கட்டணமில்லாத டவுன் பஸ்ஸில் வந்தவர். பானை இருந்த இடத்தில் மணல் மட்டும் கிடந்தது. பெட்டிக்கடையில் தண்ணீர் பாட்டில் இருபது ரூபாய் என்றார்கள். முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பார்த்துவிட்டு மறுபடியும் முடிந்துகொண்டார். நான் என் ஜெராக்ஸ் கடைக்குள் கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, "தெனமும் வந்து ஒங்ககிட்ட கேக்கக் கூச்சமா இருக்கும்ப்பா. பானைன்னா யாரையும் கேக்க வேணாம்ல" என்றார்.

பஸ்ஸுக்குக் காசு வேண்டாம் என்று 2021-இல் அரசே சொல்லிவிட்டது. அப்படி வந்து இறங்குபவருக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கிடைப்பதை நீங்கள் ஏன் தடுக்கிறீர்கள்?

டெங்குக் கொசு வரும் என்று உங்கள் ஊழியர் ஒருவர் காரணம் சொன்னார். டெங்கு பரப்பும் கொசு நல்ல தண்ணீரில் முட்டையிடும் என்பது சரிதான். ஆனால் முட்டை கொசுவாக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். தினமும் கழுவி, துணி கட்டி மூடிய பானையில் அது எப்படி வளரும்? அதே மருத்துவமனைச் சுவர் ஓரம் பழைய டயர்களும் இளநீர்க் கூடுகளும் மாதக்கணக்கில் மழைத்தண்ணீரோடு கிடந்தன. அவற்றை ஏற்ற எந்த டிப்பரும் வரவில்லையே, ஐயா.

நடைபாதைக்கு இடைஞ்சல் என்றும் சொன்னார்கள். அதே நடைபாதையில் கட்சிக்காரர்கள் ஆளுயர பேனர் கட்டி, ஒரு நாள் நீர்மோர்ப் பந்தல் திறக்கிறார்கள். அதற்கு அனுமதி உண்டு. பேர் போடாமல் வருஷம் முழுக்கத் தண்ணீர் வைத்தவர்களுக்குத்தான் இல்லை. இதை நினைத்தால் மனசு ஆறவில்லை.

நம் செட்டிநாட்டுக் கிராமங்கள் 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான தற்காலிகப் பட்டியலில் சேர்ந்ததில் எல்லோருக்கும் பெருமை. பர்மா தேக்குத் தூணையும் ஆத்தங்குடித் தரைக்கல்லையும் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டுகிறோம். அந்த வீடுகளின் திண்ணை வழிப்போக்கர் படுத்து எழவும்தான் கட்டப்பட்டது. இப்போது முக்கால்வாசி கம்பிக்கதவு போட்டுக் கிடக்கிறது. 1863-இல் காசியில் போய்ச் சத்திரம் நிறுவியது இந்த மண்ணின் ஆட்கள். தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடக்கும் காவடிக் கூட்டத்துக்கு இன்றைக்கும் வழிநெடுக யார் யாரோ தண்ணீர் கொடுக்கிறார்கள். அப்படிப்பட்ட சீமையில் பானை ஆக்கிரமிப்பாகிவிட்டது!

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நகராட்சிப் பணம் ஒரு பைசாவும் கேட்கவில்லை. பானை, மணல், தண்ணீர் எல்லாம் எங்கள் பொறுப்பு. நிழற்குடையின் பின்சுவரை ஒட்டி, நடப்பவர் காலில் இடறாதபடி மூன்றடி இடம் போதும். சுகாதார ஆய்வாளர் எப்போது வந்தும் பார்க்கலாம். தினமும் கழுவித் தண்ணீர் மாற்றுவோம் என்று எழுதியே தருகிறோம்.

சித்திரை நெருங்கிவிட்டது, பின்னாலேயே கத்திரி வந்துவிடும். அதற்குள் பானையைத் திருப்பி வைக்க விடுங்கள். இன்னொரு முறை டிப்பரில் ஏறாமல் இருக்க, அனுமதியை எழுத்தில் கொடுத்தால் நல்லது. ஆட்டோ ஸ்டாண்ட் பெயரிலேயே கொடுக்கலாம். அந்தத் தம்பிகள் மனுவோடு திங்கள்கிழமை குறைதீர் முகாமுக்கு வருகிறார்கள். தயவுசெய்து உட்காரவைத்துப் பேசி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
மருத்துவமனை எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன்