எங்கள் அம்மாவின் நோய்க்காலத்தில் உடனிருந்த அனைவருக்கும் நன்றி மடல்

பேரன்புடையீர்,

வணக்கம். தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டேன்டீயின் தோட்டத்தில் ஓய்வு பெறும்வரை கொழுந்து பறித்த எங்கள் அம்மா, மூன்றாண்டுகளுக்கு மேல் வாய்ப்புற்றுநோயோடு போராடி, கடந்த மாதம் பந்தலூரில் எங்கள் வீட்டிலேயே காலமானார். பதினாறாம் நாள் காரியம் முடிந்துவிட்ட நிலையில், வீடு வீடாக வந்து சொல்ல வேண்டிய நன்றியை, உதவியவர்கள் மலைக்கு மேலும் கீழும் பரந்திருப்பதால், எழுத்தில் தெரிவித்துக்கொள்கிறோம்.

அவரை நோயாளியாக மட்டுமே பார்த்தவர்களுக்காகச் சில சொற்கள். இலங்கையில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்த அவர், 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களுள் ஒன்றைச் சேர்ந்தவர். தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கிய பிறகே இம்மலையை வந்தடைந்தார். கொழுந்தை நிறுக்கும் நேரத்தில் தராசின் முள்ளைவிட்டுக் கண்ணெடுக்க மாட்டார். தம் கூடையின் எடையைத் தாமே முன்கூட்டிச் சொல்வதும், குறைந்தால் மறுபடி நிறுக்கச் சொல்வதும் அவர் வழக்கம். இதனாலேயே எடை வரிசையில் அவருக்கு அடுத்து நிற்கப் பெண்களுக்குள் போட்டி இருந்தது. தோட்ட அதிகாரிகளான துரைமார் சிலருக்கு அவரைப் பிடிக்காமல் போனதற்கும் இதுவே காரணம் என்பது எங்கள் எண்ணம்.

கன்னத்தின் உட்புறத்தில் ஆறாத புண் வந்தபோது, வெற்றிலைச் சுண்ணாம்பு சுட்டதாகவே எல்லோரும் கருதினோம். குளிருக்கும் பசிக்கும் புகையிலையை அடக்கிக்கொள்வது நம் தோட்டங்களில் இன்றும் உண்டு. இரண்டு மூன்று வாரத்தில் ஆறாத வாய்ப்புண்ணையோ வெள்ளைத் திட்டையோ மருத்துவரிடம் காட்டிவிடுங்கள் என்று இம்மடலைப் படிக்கும் தோட்டத்துப் பெண்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

கோழிக்கோடு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அறுவையும் கதிர்வீச்சும் அளித்த மருத்துவர்களுக்கும், எங்கள் தமிழைப் பொறுத்துக்கொண்டு மலையாளத்தை மெதுவாகப் பேசிய செவிலியர்களுக்கும் நன்றி. தாமரச்சேரி சுரம் என்னும் மலைப்பாதையின் 9 கொண்டை ஊசி வளைவுகளிலும் அம்மாவின் தலை குலுங்காதபடி வண்டியை ஊர்ந்தோட்டிய ஜீப் ஓட்டுநர்கள், சேரம்பாடிச் சாலையில் யானை நின்ற இரவுகளிலும் வரமாட்டேன் என்று சொன்னதில்லை. பலமுறை டீசல் காசு மட்டுமே வாங்கிக்கொண்டார்கள்.

நோய் திரும்பியபின், இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று ஒரு மருத்துவமனையில் சொன்னார்கள். செய்வதற்கு எவ்வளவோ இருந்தது என்பதை எங்களுக்குக் காட்டியவர், 2021இல் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்த நோய் ஆதரவுச் செவிலியர். மார்பின் (morphine) என்னும் வலி மாத்திரையை வலி வந்தபின் அல்ல, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கடிகாரம் பார்த்துத் தர வேண்டும் என்றும், அதனால் வரும் மலச்சிக்கலுக்கு முதல் நாளிலிருந்தே மருந்து வேண்டும் என்றும் சொல்லித்தந்தார். மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி விடும்போது தலைப்பக்கத்தை உயர்த்தவும், ஊற்றியபின் அரைமணி நேரமாவது அப்படியே வைத்திருக்கவும் பழக்கினார். எல்லாவற்றிலும் மேலாக, புண்ணின் நாற்றத்துக்கு மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவும் முறையை அவரிடமிருந்தே அறிந்தோம். அதுவரை, மற்றவர்கள் முகம் சுளிப்பார்களோ என்று அம்மா யாரையும் அறைக்குள் விட மறுத்துவந்தார். நாற்றம் அடங்கியபின் கதவைத் திறந்து வைக்கச் சொன்னார். பழைய தோழிகள் வேலை முடிந்து, கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குத் துணியோடு வந்து கட்டிலைச் சுற்றி அமர்ந்தார்கள். அம்மாவால் பேச முடியாது. ஆனால், அன்றைய கொழுந்து எவ்வளவு என்று விரலால் கேட்பார். அந்தப் பெண்கள் நாற்றம் இருந்தபோதும் திரும்பிப் போகாமல் திண்ணையில் காத்திருந்தவர்கள் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

குழாயில் அடைக்காதபடி துணியில் இருமுறை வடித்த கஞ்சியைத் தினமும் கொண்டுவந்த பக்கத்து வீட்டுச் சேச்சிக்கும், மழைக்காலத்தில் எங்கள் கூரைக்குத் தகரம் மாற்றிக்கொடுத்த இளைஞர்களுக்கும், வழுக்கும் சரிவில் பாடையைத் தோள் மாற்றிச் சுமந்தவர்களுக்கும், கூலி வாங்க மறுத்துத் தப்படித்த பெரியவர்களுக்கும், மரண உதவிச் சங்கத்தாருக்கும் எங்கள் வணக்கம். பெயர் குறிப்பிட்டால் எவரேனும் விடுபடுவர் என்பதால் எவர் பெயரையும் எழுதவில்லை.

மீந்த மார்பின் மாத்திரைகளை எண்ணிச் செவிலியரிடமே ஒப்படைத்துவிட்டோம். படுக்கைப்புண் வராமலிருக்க வாங்கிய காற்றுப் படுக்கையும் அதன் மோட்டாரும் நல்ல நிலையில் எங்கள் வீட்டில் இருக்கின்றன. தேவைப்படுவோர் எந்நேரமும் வந்து எடுத்துச் செல்லலாம், திருப்பித் தர வேண்டியதில்லை. மருந்துக்கடையிலோ வண்டி வகையிலோ எங்கள் பேரில் பாக்கி இருந்தால், தயங்காமல் தெரிவிக்கவும்.

நன்றியுடன்,
மகன்கள், மகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள்
பந்தலூர், நீலகிரி மாவட்டம்