கச்சான் காற்றும் உன் முழங்கையும்

செங்கலடி

அன்பு மகள்,

மெல்பேர்ன் பீச் ரோட்டில் நீ சைக்கிளோடுகிற படத்தை அம்மா பத்துத் தரமாவது பார்த்திருப்பா. நான் பார்த்தது உன் முழங்கையை. கம்பு மாதிரி நீட்டிப் பிடித்து, நெஞ்சை நிமிர்த்தி, வருகிற காற்றையெல்லாம் வாங்குகிறாய். பிறகு மணிக்கு 24 கிலோமீற்றருக்கு மேல் வேகம் ஏறுதில்லை என்று கவலைப்பட்டால் எப்படி?

எனக்கு இதைப் படிப்பித்தது பதுளை வீதிதான். இங்கேயிருந்து கரடியனாற்றுக்குச் சைக்கிளில் படிப்பிக்கப் போன காலத்தில், கச்சான் என்கிற அந்த வறண்ட தென்மேற்குக் காற்று தொடங்கிவிட்டால் முக்கால் மணித்தியால ஓட்டம் ஒன்றேகாலாகும். இரு பக்கமும் வயல்வெளி, காற்று நேரே முகத்தில். பின்னேரம் அதே காற்று தள்ளிக்கொண்டு வந்து வீட்டில் விடும். ஆனாலும் காலையில் இழந்த நேரம் முழுதாகத் திரும்பி வராது. எதிர்காற்றுக்குள்தானே கூட நேரம் நிற்கிறோம்.

விஞ்ஞான வாத்தியாரின் மகளுக்கு இது தெரியாமலா? வேகம் இரு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்கு, அதை வெல்லும் வலு எட்டு மடங்கு. 24ஐ 27 ஆக்கவே காற்றுக்கு மட்டும் 40 சதவீதத்துக்கு மேல் கூடுதல் வலு வேண்டும். காலில் அந்த வலு ஏற மாதக்கணக்காகும். உடம்பைக் குறுக்குவது இன்றைக்கே முடியும். முழங்கையை மடி, கையை ஹாண்டிலின் வளைந்த கீழ்ப்பிடிக்கு இறக்கு, படபடக்கிற அந்தச் சட்டையை மாற்று. கூட்டமாகப் போனால் முன்னால் போகிறவரின் பின்னே ஒட்டிக்கொள், உன் முறை வந்தால் முன்னுக்குப் போய் இழு. நான் உரமூட்டை ஏற்றிய உழவு மெசினுக்குப் பின்னால் ஒளிந்து போயிருக்கிறேன். நீ அதைச் செய்யாதே, அம்மாவுக்கும் சொல்லாதே.

இன்னொன்று, நீ ஒவ்வொரு நாளும் மூச்சு முட்ட உழக்குகிறாய். கிழமைக்கு இரண்டு நாள் போதும்: நாலு நிமிடம் முறுக்கி, நாலு நிமிடம் ஆறி, நாலு தரம். மற்ற நாட்களில் பக்கத்தில் வருகிறவளோடு கதைத்துக்கொண்டே போ. பாரக் கியரில் முக்காமல் நிமிடத்துக்கு 80, 90 சுற்று வருகிற மாதிரி இலேசான கியரில் உழக்கு.

மாதம் ஒரு தரம், காற்றில்லாத விடியலில், ஒரே துண்டு வீதியில் நேரம் பிடித்துப் பார். காற்றடிக்கிற நாளில் மீட்டர் சொல்வதை நம்பி மனம் உடையாதே.

அடுத்த படத்தைப் பக்கவாட்டில் எடுக்கச் சொல்லு. முழங்கை மடிந்திருக்கிறதா என்று பார்க்க வேணும்.

அப்பா